தாள் வைக்கிற வேலை

நான் வேலை பார்த்த கம்பனியிலிருந்து போன மாதம் ஒரு பிள்ளை தொலைபேசியில் பேசினார். நான் ஓய்வு பெற்ற பிறகு வேலைக்கு வந்தவர், முகம் தெரியாது. ஸ்டோர் அறையில் மூடி வைத்திருந்த பழைய கணினி ஒன்றை எடுத்து ஓட்டிப் பார்த்தார்களாம். ஆபீஸிலுள்ள மற்றக் கணினிகளில் வேர்டைத் திறந்தால் முதலில் ஒரு வாசல் பக்கம் வருகிறது. இடது ஓரத்தில் ஒரு பட்டை, மேலே வெற்றுத் தாளின் படம், அதன் பக்கத்தில் வாழ்த்து அட்டை, நாட்காட்டி என்று மாதிரிப் படங்கள், கீழே அண்மையில் திறந்த கடிதங்களின் வரிசை. அந்தப் பழைய கணினியில் மட்டும் இவை ஒன்றும் வராமல் நேரே வெள்ளைத் தாள் வந்து நிற்கிறதாம்.

"அங்கிள்தான் அத செஞ்சதுன்னு கேட் வாச்சர் சொன்னாருங்க. எப்படிங்க செஞ்சீங்க? ஒவ்வொரு தடவையும் அந்தப் படமெல்லாம் வந்து எரிச்சலா இருக்கு."

சொல்லிக் கொடுத்தேன். 'ஃபைல்' என்பதை அழுத்தி, அடியில் இருக்கும் 'ஒப்ஷன்ஸ்' போக வேண்டும். முதல் பக்கத்தின் கீழ்ப்பகுதியில் ஒரு சின்னக் கட்டம் இருக்கும். அதிலுள்ள சரி அடையாளத்தை எடுத்துவிட்டால் அடுத்த முறை வாசல் பக்கம் வராது.

"அவ்வளவுதானா? யாருக்காக அங்கிள் இத செஞ்சீங்க?"

"அது பெரிய கதம்மா" என்று சொல்லி வைத்துவிட்டேன். தொலைபேசியில் நீளமாகப் பேச எனக்கு வராது. நேரிலும் வராது. எழுதினால் கொஞ்சம் வரும். அதனால் எழுதுகிறேன்.

நான் ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டவன். இரத்தோட்டைப் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்து, மாத்தளை நகருக்கு வெளியே, அலுவிகாரைக்குப் போகும் ரோட்டில் இருந்த ஒரு வாசனைத் திரவியக் கம்பனியில் மூட்டை தூக்கப் போனேன். மிளகு, கராம்பு, சாதிக்காய் எல்லாம் பல்லேகம, வில்கமுவ பக்கமிருந்து லொறியில் வரும். இறக்குவது, காயவைப்பது, தைப்பது என்று இளமை அங்கே போனது. முதுகு பிடித்துக்கொண்ட பிறகு என்னை ஆபீஸ் பக்கம் பியோனாக மாற்றினார்கள். வாசிப்பு மறந்துபோகாமல் இருந்ததற்குக் காரணம் பத்திரிகை. ஆபீஸுக்கு வரும் பத்திரிகையை எல்லாரும் படித்து முடித்த பிறகு நான் ஒரு வரி விடாமல் படிப்பேன்.

அங்கே தலைமைக் கிளாக்கராக இருந்தவர் தவராசா ஐயா. யாழ்ப்பாணத்தில் பிறந்தவர். இளவயதில் மாத்தளைக்கு வேலைக்கு வந்து, இங்கேயே வீடு வாங்கி இருந்துவிட்டார். எத்தனை வருடம் இங்கே இருந்தும் பேச்சு மட்டும் மாறவில்லை. பியோனாகிய என்னையும் அவர் 'நீ' என்று சொன்னதில்லை. எப்போதும் 'நீர்', 'காணும்' என்றுதான் பேசுவார். சத்தம் போட்டதுமில்லை. பிழை கண்டால் கடிதத்தை மேசையில் வைத்து, பிழையான இடத்தில் விரலை வைத்துவிட்டு, ஜன்னலுக்கு வெளியே பார்ப்பார். எழுதியவர் வந்து பார்த்து, "சரிங்க ஐயா" என்று எடுத்துக்கொண்டு போகும் வரை திரும்ப மாட்டார். அவமானப்படுகிறவரின் முகத்தைப் பார்க்க அவருக்குப் பிடிக்காது.

காலையில் வந்தால் குடையை ஆணியில் கொளுவுவார். நான் துடைத்து வைத்த கதிரையைத் தன் லேஞ்சியால் இன்னொரு தடவை துடைப்பார். கைக்கடிகாரத்தைக் கழற்றி இடப்பக்கம் வைப்பார். பிறகு, "தாளை வையும்" என்பார்.

அது டைப்ரைட்டர் காலத்து வழக்கம். இரண்டு தாளுக்கு நடுவே காபன் வைத்து, ஓரம் நேராக இருக்கும்படி உருளையில் ஏற்றி, முதல் வரிக்குக் கொண்டுவந்து விடவேண்டியது பியோனின் வேலை. அவர் உட்கார்ந்தால் எழுத்து மட்டும்தான். விசைகளைப் பார்க்காமலே அடிப்பார். கண் எதிரே இருக்கும் கையெழுத்துப் பிரதியில் இருக்கும். விரல் தன்பாட்டில் ஓடும். பேசிக்கொண்டே அடிப்பார், பிழை இருக்காது.

டைப்ரைட்டர் போய்க் கணினி வந்தபோது பரீனா வேலைக்குச் சேர்ந்தார். மாத்தளை நகரத்துப் பிள்ளை. வாப்பா கொங்காவலையில் கடை வைத்திருந்தார். ஐயா சொல்லச் சொல்லப் பரீனா அடிப்பார். ஐயாவின் மேசையிலும் ஒரு கணினி வைத்தார்கள். "தாளை வையும்" மட்டும் மாறவில்லை. ஐயா உட்காரும் முன்பு கணினியைப் போட்டு, வேர்டைத் திறந்து, வெள்ளைத் தாள் தயாராக இருக்க வேண்டும். அதுவும் என் வேலையாகவே இருந்தது.

எனக்குப் படிப்பித்தவர் பரீனாதான். மூட்டை தூக்கிய கை மவுஸில் நிற்கவில்லை. திரையிலிருக்கும் படத்தின் மேல் இரண்டு தட்டுத் தட்ட வேண்டும். என் இரண்டாவது தட்டு விழுவதற்குள் கணினி முதலாவதை மறந்துவிடும்.

"பழனி அண்ணன், அது மிளகு மூட்ட இல்ல. டக் டக்குன்னு தட்டுங்க."

"தட்டுறேன்தானே."

"நீங்க தட்டுறது கதவ. வீட்டு ஆக்கள் எந்திரிச்சி வந்து தெறக்குற அளவுக்கு டைம் குடுக்குறீங்க."

எனக்காக அவர் வேறு வழிகள் தேடித் தந்தார். கீழே இடது மூலையிலுள்ள பொத்தானை அழுத்தி, டபிள்யூ, ஓ என்று இரண்டு எழுத்தை அடித்தால் வேர்டின் பெயர் மேலே வரும். என்டரைத் தட்டினால் திறக்கும். ஏற்கெனவே எழுதிய கடிதம் வேண்டுமானால் வேர்டைத் தேடவே தேவையில்லை. கடிதத்தையே திறந்தால் அது வேர்டையும் கூட்டிக்கொண்டு வரும். கணினி திருத்த வருகிறவர் ஒரு சின்னக் கட்டத்தை வரவழைத்து அதில் முழுப் பெயரை அடித்துத் திறப்பார். அதையும் பார்த்துப் பழகினேன். எல்லாவற்றிலும் லேசான வழி, வேர்டின் படத்தைத் திரையின் அடியிலுள்ள பட்டையில் குத்தி வைப்பது. அங்கே ஒரு தட்டுப் போதும். ஆங்கிலம் தெரியாவிட்டாலும் ஒவ்வொரு சொல்லும் எப்படி இருக்கும் என்று முகத்தைப் போல ஞாபகம் வைத்துக்கொண்டேன்.

இந்தக் காலத்தில்தான் நிறுவைக்காரர் சோமபாலவை வீட்டுக்கு அனுப்பினார்கள். கண்ணில் வெள்ளை படர்ந்து, தராசு முள்ளைப் பிழையாகப் பார்த்துவிட்டார். அப்போதிருந்த மெனேஜர் ஒரு தேநீர் வைத்து, மாலை போட்டு, அன்றைக்கே அனுப்பிவிட்டார். அதற்கான கடிதத்தைப் பரீனாவிடம் கொடுக்காமல் ஐயா தானே அடித்தார். சோமபால படலையைத் தாண்டிப் போகும்போது ஐயா ஜன்னலுக்கு வெளியே பார்க்கவில்லை. மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அதன் பிறகு கொஞ்ச காலத்தில் நான் சில விஷயங்களைக் கவனிக்கத் தொடங்கினேன். நேரே இருக்கும் எழுத்தை ஐயா நன்றாக வாசிப்பார். ஆனால் பக்கத்தில் வைத்த தேநீர்க் கோப்பையில் முழங்கை படும். கதவின் ஓரத்தில் தோள் இடிக்கும். அலுமாரியின் திறந்த கதவு ஒருநாள் நெற்றியில் பட்டது. "கதவைச் சாத்தி வையும் காணும்" என்றார். அன்று முதல் நான் அவர் நடக்கும் வழியில் எதையும் விடுவதில்லை. கோப்பையை ஓரத்தில் வைக்காமல் அவருக்கு நேர் எதிரே வைக்கத் தொடங்கினேன். யாரும் என்னைச் செய்யச் சொல்லவில்லை.

பரீனா திருமணமாகி அக்குறணைக்குப் போனார். போகிற நாளில் ஸ்டோர் பக்கம் வந்து என்னிடம் மெதுவாகச் சொன்னார்.

"அண்ணன், ஐயாட கண்ணுல ஏதோ ஈக்குது. சைட்ல நின்னு நான் கைய ஆட்டினேன். தெரியவே இல்ல. நீங்க ஒரு வார்த்த சொல்லுங்க."

"நான் எப்படிம்மா சொல்றது? நீங்க சொல்லலாமே."

"நான் பொம்புளப் புள்ள. அதோட இன்னக்கிப் போறவ. நீங்கதானே நாளைக்கும் பக்கத்துல நிக்கிறது."

தலையாட்டினேன். அவர் என் தலையாட்டலை நம்பிப் போனார்.

பரீனாவின் இடத்துக்குக் கம்பனி ஆள் எடுக்கவில்லை. தலைமைக் கிளாக்கருக்கு டைப் தெரியும்தானே என்று விட்டுவிட்டார்கள். ஐயா தன் மேசைக் கணினியில் தானே கடிதம் அடிக்கத் தொடங்கினார். விரல் பழைய விரல்தான். தாள் வைத்துக் கொடுத்தால் போதும், ஓடும். அந்த வேலைக்கு நான் இருந்தேன். தலைமைக் கிளாக்கரின் கணினியைப் பியோன் திறந்து வைப்பதைப் பார்த்து யாரும் ஒன்றும் நினைக்கவில்லை. அது அவருடைய வழக்கம் என்று எல்லாருக்கும் தெரியும்.

பிறகு வேர்டின் புதிய பதிப்பைப் போட்டார்கள். நான் முதல்முதலாக அந்த வாசல் பக்கத்தைக் கண்டது அப்போதுதான். அன்று நான் வங்கிக்குப் போய்த் திரும்பப் பிந்திவிட்டது. ஐயா எனக்காகக் காத்திருந்து பார்த்து, தானே திறந்திருக்கிறார். நான் வந்தபோது கப்பல் முகவருக்கு ஒரு கடிதத்தை அடித்து முடித்துவிட்டு, "எடுத்துக்கொண்டு வாரும்" என்றார். அச்சு இயந்திரத்துக்குப் போனேன்.

தாளைச் சுற்றிப் பூக்கொடி. மேல் மூலை இரண்டிலும் இரண்டு புறா. நடுவில், ஒரு பிழை இல்லாமல், மிளகு ஏற்றுமதி தாமதமானது பற்றிய கடிதம். அவர் வெற்றுத் தாள் என்று நினைத்து ஏதோ கலியாண அழைப்பு மாதிரியைத் திறந்திருக்கிறார். வெளிர் நிறத்தில் ஓரத்திலிருந்த கொடியும் புறாவும் அவர் கண்ணில் படவே இல்லை.

அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு நான் அங்கேயே நின்றேன். கணக்குப் பகுதி அம்மா எட்டிப் பார்த்து, "என்ன பழனிவேல், யாருக்குக் கலியாணம்?" என்றார். "மெஷின்ல பழைய தாள் இருந்திருக்குங்க" என்று சொல்லி மடித்துச் சட்டைப் பைக்குள் போட்டேன். ஐயாவிடம் போய், "பிரின்டர்ல மை சரியில்லைங்க ஐயா. நான் திருப்பி எடுக்கிறேங்க" என்றேன். அவர் எழுந்து இடம் விட்டார். எழுத்துகளை மட்டும் பிரதியெடுத்து, வெற்றுத் தாளில் ஒட்டி, அதை அச்செடுத்துக் கொடுத்தேன். வாசித்துப் பார்த்துக் கையெழுத்து வைத்தார்.

அடுத்த நாள் அவர் அந்த வாசல் பக்கத்தோடு படும் பாட்டைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். தாள் அவருக்கு நேரே இருக்கும், அதைக் காண்பார். ஆனால் வாசல் பக்கத்தில் எல்லாம் சிதறிக் கிடக்கிறது. மவுஸின் அம்பு எங்கே நிற்கிறது என்று தெரியாமல் கையை வட்டமாகச் சுற்றுவார். அம்பு ஓரத்துக்குப் போனால் அவருக்கு அது இல்லாமலே போய்விடும்.

"இந்தக் கோதாரி அம்பு எங்க காணும் போயிட்டுது?"

"மேல இருக்குங்க ஐயா. வலது பக்கம்."

"ஓ, கண்டனான்" என்பார். கண்டிருக்க மாட்டார்.

அன்று பின்னேரம் பரீனாவுக்குத் தொலைபேசி எடுத்தேன். ஐயாவின் கண்ணைப் பற்றிச் சொல்லவில்லை. வாசல் பக்கத்தை நிறுத்த வழி கேட்டேன்.

"எஸ்கேப்ப தட்டினா வெறுந்தாள் வரும் அண்ணன். ஒரேயடியா நிப்பாட்டணும்னா ஒப்ஷன்ஸ்ல ஒரு சரி ஈக்குது, அத எடுங்க." பிறகு, "ஐயாக்கிட்ட சொன்னீங்களா?" என்று கேட்டார்.

"சொல்றேம்மா."

மறுநாள் ஐயா சாப்பிடப் போன நேரத்தில் அந்தச் சரியை எடுத்துவிட்டேன். வேர்டின் படத்தைக் கீழ்ப் பட்டையில் முதலாவதாகக் குத்தி வைத்தேன். அப்படி வைத்தால், விசைப்பலகையின் அடி வரிசையில் ஜன்னல் படம் போட்ட விசையை ஒரு விரலாலும் ஒன்று என்ற இலக்கத்தை இன்னொரு விரலாலும் அழுத்தினால் வேர்ட் திறக்கும். மவுஸே வேண்டாம். இலக்கம் அவருடைய விரலுக்குத் தெரியும். ஜன்னல் விசை டைப்ரைட்டரில் இல்லாதது. அதனால் அதன் மேல் பிளாஸ்டர் துண்டொன்றை வெட்டி ஒட்டினேன்.

ஐயா வந்து உட்கார்ந்தார்.

"அந்தப் பிளாஸ்டர் ஒட்டின விசையோட ஒன்ற சேர்த்து அழுத்திப் பாருங்க ஐயா" என்றேன்.

விரலால் பிளாஸ்டரைத் தடவினார். அழுத்தினார். தாள் வந்தது. அவர் தாளைப் பார்த்தார். பிறகு தலையை முழுவதுமாகத் திருப்பி என்னைப் பார்த்தார். எனக்குத் தெரியும் என்பது அவருக்குத் தெரிந்துவிட்டது. நான் கோப்பையை எடுக்கிறவன் போலக் குனிந்துகொண்டேன்.

"நல்ல வேலை" என்றார். அவ்வளவுதான் நாங்கள் பேசியது.

அந்த ஏற்பாடு நன்றாக நடந்தது. இன்று அதைச் சொல்லவே கசக்கிறது. அவ்வளவு நன்றாக நடந்தது. திருத்த வேண்டிய பழைய கடிதங்களை அவர் வருமுன் நானே திறந்து வைப்பேன். எழுத்தைப் பெரிதாக்கி நடுவில் நிறுத்துவேன். புதுத் தாள் வேண்டுமானால் எந்த இரண்டு விசை என்று பழக்கினேன். பூக்கொடிக்குப் பிறகு ஒரு கடிதமும் பிழையாகப் போகவில்லை. வருடங்கள் போயின. பழைய மெனேஜர் மாறி, குருநாகல் பக்கமிருந்து ஒரு சிங்கள மாத்தயா வந்தார். அவர் எப்படிப்பட்ட ஆள் என்று நாங்கள் பார்க்கவே இல்லை. எங்கள் மனதில் மெனேஜர் என்றால் சோமபாலவுக்கு மாலை போட்டவர்தான்.

ஒரே ஒரு தடவை முயற்சி செய்தேன். நகரத்துப் பாடசாலையொன்றில் இலவசக் கண் பரிசோதனை நடப்பதாகப் பத்திரிகையில் போட்டிருந்தது. அந்தப் பக்கத்தை மடித்துக் கொண்டுபோய் மேசையில், அவருக்கு நேரே, வைத்தேன்.

"என்ன இது?"

"கண் கேம்ப் ஒன்னு நடக்குதாங்க ஐயா. ஞாயித்துக்கிழம. பெரிய டாக்டர்மாருங்க வாராங்களாம்."

வாசித்தார். "உமக்குக் கண் தெரியேல்லையோ?"

"எழுத்து கொஞ்சம் மங்குதுங்க." பொய். "ஐயாவும் வந்தா… சும்மா ஒருக்கா காட்டிட்டு வந்திரலாங்க."

பத்திரிகையை நான் மடித்திருந்த மடிப்பிலேயே மடித்து என் பக்கம் தள்ளினார்.

"நீர் போய்க் காட்டும்" என்றார். குரல் எப்போதும் போலத்தான் இருந்தது. நான் நின்றேன். சொல்வதற்கு வசனம் இருந்தது. 'ஐயா, பூக்கொடித் தாள் இன்னும் எங்கிட்ட இருக்குங்க' என்று தொடங்கியிருக்கலாம். அவர் ஜன்னல் பக்கம் திரும்பினார். பிழைவிட்டவரின் முகத்தைப் பார்க்காமல் இருக்க அவர் திரும்புவாரே, அதே திரும்பல். அன்று அவர் யாரைப் பார்க்காமல் இருக்கத் திரும்பினார் என்று தெரியவில்லை.

பிறகு, "பழனிவேல், தாளை வையும்" என்றார்.

வைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை நான் மட்டும் போனேன். ஒருவேளை ஐயாவும் வருவார் என்று வாசலைப் பார்த்துக்கொண்டே வரிசையில் நின்றேன். என் கண்ணுக்கு ஒரு குறையும் இல்லை என்று சொல்லி, வயது போனால் வாசிக்க உதவும் என்று ஒரு கண்ணாடியும் தந்து அனுப்பினார்கள்.

எல்லாம் முடிந்தது ஒரு காலை நேரத்தில். கொழும்புத் தலைமை ஆபீஸ் எல்லாக் கிளைகளுக்கும் ஒரே மாதிரிப் புதிய கணினிகளை அனுப்பி, பழக்குவதற்கு ஓர் இளைஞரையும் அனுப்பியது. நல்ல பையன், சிரித்த முகம். ஐயாவின் பழைய கணினியைக் கழற்றி ஸ்டோருக்கு எடுத்துப் போகச் சொன்னார். நான்தான் தூக்கிக்கொண்டு போனேன். விசைப்பலகையும் அதோடு போனது. திரும்பி வந்து தேநீர்த் தட்டோடு நான் உள்ளே நுழைந்தபோது, மெனேஜரும் ஆபீஸ் ஆட்களும் ஐயாவின் மேசையைச் சுற்றி நின்றார்கள். பெரியவரிடமிருந்தே தொடங்குவோம் என்று அந்தப் பையன் மரியாதைக்காகச் சொல்லியிருக்கிறார்.

"சேர், வேர்ட ஒருக்கா ஓபன் பண்ணுங்க."

ஐயா என்னைத் தேடித் தலையைத் திருப்பினார். "பழனிவேல், தாளை வையும்."

பையன் சிரித்தார். "தாள் வைக்க ஆள் எதுக்கு சேர்? ஒரு கிளிக்தானே." எல்லாரும் சிரித்தார்கள். நான் தட்டை வைத்துவிட்டு முன்னால் போனேன். "நீங்க நில்லுங்க அண்ணே, சேரே செய்யட்டும். பழகணும்தானே" என்றார் பையன். நான் நின்றுவிட்டேன்.

ஐயாவின் விரல் அடி வரிசையில் பிளாஸ்டரைத் தேடியது. வழுவழுப்பான புதிய விசைகள். ஏதோ ஒரு விசையை ஒன்று என்ற இலக்கத்தோடு சேர்த்து அழுத்தினார். வேறு எதுவோ திறந்தது. பையன் அதை மூடிவிட்டு, தானே வேர்டைத் திறந்துவிட்டார். வாசல் பக்கம் வந்தது. "இப்ப பிளேங்க் டொகியுமென்ட கிளிக் பண்ணுங்க சேர்."

ஐயா மவுஸைப் பிடித்தார். வட்டமாகச் சுற்றினார். இன்னும் வட்டமாகச் சுற்றினார்.

"இந்தா சேர், இங்க. உங்களுக்கு முன்னாலயே இருக்கே."

ஒரு வாழ்த்து அட்டை திறந்தது. மூடினார்கள். பிறகு ஒரு நாட்காட்டி திறந்தது. சிரித்துக்கொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராக நிறுத்திக்கொண்டார்கள். ஐயா மவுஸிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

மெனேஜர் எல்லாரையும் வெளியே போகச் சொன்னார். நான் தட்டை எடுக்கும் சாட்டில் நின்றேன். அவர் ஐயாவின் பக்கத்தில் ஒரு கதிரையைப் போட்டு உட்கார்ந்தார். ஐயா நேரே பார்த்துக்கொண்டிருக்க, அவருடைய காதோரம் கையை நீட்டி விரல்களை அசைத்தார். ஐயா திரும்பவில்லை. மெனேஜர் கையை இறக்கினார்.

"தவராசா மாத்தயா" என்றார், தனக்குத் தெரிந்த தமிழில். "ஏன் சொல்லல்ல?"

ஐயா மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மெனேஜர் என் பக்கமும் பார்த்தார். நான் தட்டை எடுத்துக்கொண்டேன்.

மாலையும் இல்லை, தேநீரும் இல்லை. மறுநாள் காலையில் கம்பனி வான் வண்டியை ஐயாவின் வீட்டுக்கு அனுப்பி, என்னையும் துணைக்கு ஏற்றிக் கண்டி ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். லீவுக்குக் கடிதம் வேண்டாம் என்றார். கண் சுகமான பிறகும் அடிக்க வேண்டாம், வந்து கடிதங்களைப் பார்த்து மட்டும் கொடுங்கள், கதிரை அப்படியே இருக்கும் என்று வானின் ஜன்னலருகே வந்து சொன்னார். நாங்கள் எதற்குப் பயந்து இவ்வளவு காலம் மறைத்தோமோ, அது நடக்கவே இல்லை. வான் அக்குறணையைத் தாண்டும்போது பரீனாவின் வீடு எங்கே இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். தலையைக் குனிந்துகொண்டேன்.

டாக்டர் ஒரு அம்மா. நிறைய நேரம் பார்த்தார். கண்ணில் பிரஷர் என்றார். ஓரத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகப் பார்வையைத் தின்றுகொண்டு வந்து கடைசியில் நடுவையும் எடுத்துவிடும் என்றார். போனதைத் திரும்பக் கொண்டுவர முடியாது. சொட்டு மருந்து விட்டு இருப்பதைக் காப்பாற்றப் பார்க்கலாம். ஆனால் பிந்தி வந்ததால் இங்கே காப்பாற்ற இருப்பது மிகவும் கொஞ்சம்.

"வருசக்கணக்கா இருந்திருக்குமே. எப்படி வேலை செஞ்சீங்க?" என்று கேட்டார். "யாரும் கவனிக்கல்லையா?"

ஐயா, "எனக்கு டைப் பாராமல் அடிக்க வரும் டொக்டர்" என்றார்.

நான் சுவரோரம் நின்றேன். அவர் என் பெயரைச் சொல்லவில்லை.

சொட்டு மருந்து விட்டார்கள். ஒரு சத்திரசிகிச்சையும் செய்தார்கள். கொஞ்ச நாள் நின்றது. பிறகு இருந்ததும் போனது. கதிரை காலியாகவே கொஞ்ச காலம் இருந்து, பிறகு வேறு ஆள் வந்தார். எனக்கும் முதுகு பழையபடி தொந்தரவு கொடுத்ததால் நேரத்தோடே ஓய்வு வாங்கிக்கொண்டேன்.

இப்போது சில ஞாயிற்றுக்கிழமைகளில் ஐயாவின் வீட்டுக்குப் போவேன். ஐயாவின் மனைவி, அந்த அம்மா, கதவைத் திறந்து, "உங்கட பழனிவேல் வந்திருக்கிறார்" என்பார். நான் பத்திரிகை வாசிப்பேன். கண் கேம்பில் தந்த கண்ணாடி இப்போது உண்மையாகவே தேவைப்படுகிறது. அரசியல், மரண அறிவித்தல், மிளகு விலை எல்லாம் கேட்பார். என் வாசிப்பில் பிழை வந்தால் திருத்த மாட்டார். முகத்தை ஜன்னல் பக்கம் திருப்புவார். நானே திரும்பிப் போய்ச் சரியாக வாசிப்பேன்.

போன தடவை போனபோது, அந்தப் பிள்ளை தொலைபேசியில் கேட்டதைச் சொன்னேன். பழைய கணினி இன்னும் நேரே தாளைத் திறக்கிறதாம் என்றதும் ஐயா பலமாகச் சிரித்தார். அம்மா உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தார். அவர் அப்படிச் சிரித்து நாளாகியிருக்க வேண்டும். அந்தச் சிரிப்போடு கையை நீட்டி என் கையைத் தேடினார். முதலில் கதிரையின் கை அகப்பட்டது. நான் என் கையை அங்கே கொண்டுபோய் வைத்தேன். பிடித்துக்கொண்டார்.

"இஞ்ச பாரும் பழனிவேல்" என்றார். "உமக்கு நான் ஒருநாளும் சொல்லேல்லை. நீர் மட்டும் இல்லாட்டி நான் எப்பவோ பிடிபட்டிருப்பன்."

நன்றியாகத்தான் சொன்னார். அவர் முகத்தில் அதைத் தவிர வேறொன்றும் இல்லை. நான் பார்த்தேன்.

"ஆமாங்க ஐயா" என்றேன்.